எனக்கும் அப்படித்தான்

1996 ஜனவரி 12, வெள்ளி

சவுதியில் தம்மாமிலிருந்து டைரி வந்திருக்கிறது. ஓரமெல்லாம் தங்க நிறம், மேலே அரபியில் தேதி, வெள்ளிக்கிழமை மட்டும் சிவப்பு. அங்கே வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை, இவர்தான், லீவில் வந்த ஒருவர் கையில் இரண்டு கொடுத்தனுப்பியிருக்கிறார். எனக்கு ஒன்று, ஆமினாவுக்கு ஒன்று. ஆமினா தன்னுடையதில் பால் கணக்கு எழுதப்போகிறாளாம். எனக்கு எழுத என்ன இருக்கிறது? பார்ப்போம்.

கூடவே இவர் பேசி அனுப்பிய கேசட்டும் வந்தது. எங்கள் வீட்டு டேப்பில் பெல்ட் அறுந்து ஆறு மாதம் ஆகிறது. கேசட் வந்தால் நாலு வீடு தள்ளி ஆமினா வீட்டுக்குத்தான் போவேன். அவளுக்கும் குவைத்திலிருந்து வந்திருந்தது. அவள் மாப்பிள்ளை நௌஷாத் அங்கே லாரி ஓட்டுகிறார். முதலில் அவளுடையது, பிறகு என்னுடையது. நௌஷாத், "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்க புள்ள" என்ற இடத்தில் அவள் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டாள். இவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். அடுத்த வருஷக் கடைசியில் அக்ரிமெண்ட் முடிகிறது, நோன்புக்கு வந்துவிடுவார், வந்தால் திரும்பப் போகமாட்டார். நான் கேசட்டுக்குள் சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவுங்க குரலக் கேட்டா நெஞ்ச அடைக்குதுடி ஃபஹ்மி" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான்" என்றேன்.

அப்படி ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது இருபத்தேழு மாதம். குரல் கேட்டால் ரேடியோவில் யாரோ பேசுவதுபோல் இருக்கிறது. இதை எழுதினால் பாவமா? எழுதியாகிவிட்டது.

ஜனவரி 20, சனி

புது மனைக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் நிற்கிறது, மேலே தளம் இல்லை. தூண் கம்பியெல்லாம் துரு. உள்ளே யார் வீட்டு ஆடோ இரண்டு படுத்திருந்தது, எழுந்திருக்கக்கூட இல்லை.

இந்த அதிராம்பட்டினத்தில் ஆண்பிள்ளை பெற்றவள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பெண்ணைப் பெற்றவள் ஒரு வீடு கட்டவேண்டும். கட்டிய வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து சேருவார். என் மகள் ஜுலைகாவுக்கு இப்போது பதிமூன்று. ஆமினா மகள் நிலோஃபருக்குப் பதினேழு. அவள் வீடும் இதே நிலைமைதான் — சுவரோடு நிற்கிறது. ஆமினாவுக்கு அவசரம் என்னைவிட அதிகம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கும்பகோணம் போய் வந்தேன். ஜுலைகாவின் டீச்சர் சொன்ன இடம். ஒரு பைனான்ஸ் கம்பெனி, பாத்திரக் கடைக்கு மாடியில். பத்தாவது படித்த பெண்கள் ஏஜெண்டாக வேண்டுமாம். பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று மூன்று பஸ். வழியெல்லாம் ரோட்டில் வைக்கோலைப் பரப்பிவைத்திருந்தார்கள். பஸ் அதன்மேல் ஏறி ஏறிப் போனது.

மேனேஜர் பெயர் தியாகராசன். முப்பது வயதுகூட இருக்காது. என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் இவர்தான். காபி வரவழைத்தார். "உங்க ஊருக்கு நான் மூணு தடவ வந்துட்டேன் மேடம். ஆம்பளைங்க எல்லாம் வெளிநாடு. பொம்பளைங்க கதவுக்குப் பின்னால நின்னு 'யாரும் இல்லை'ன்னு சொல்றாங்க. என்னைப் பாத்தா அவங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும்? உங்களைப் பாத்தா வரும். நீங்க அவங்கள்ல ஒருத்தர்" என்றார்.

வட்டி எங்களுக்கு ஆகாதே என்றேன். அதற்கும் தயாராக இருந்தார். மற்ற ஊருக்கெல்லாம் சிவப்பு ரசீது, எங்கள் ஊருக்கென்று தனியாகப் பச்சை. அதில் வட்டி என்ற எழுத்தே இல்லை. லாபம் என்று போட்டிருந்தது.

"லாபம்னா யாவாரம் நடக்கணுமே?"

"நடக்குது மேடம். ரைஸ் மில்லு, செங்கல் சூளை. வேணும்னா கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

காட்டச் சொல்லவில்லை. மூணு பஸ் பிடிக்கணுமே என்ற கவலை எனக்கு.

மார்ச் 11, திங்கள்

டிரெயினிங் முடிந்தது. இரண்டு நாள், வந்தவர்கள் ஏழு பெண்கள். தியாகராசன் சொன்னதில் நினைவிருப்பது ஒன்றுதான்: "கம்பெனியைப் பத்தி அப்புறம் பேசுங்க. உங்களுக்கும் அவங்களுக்கும் எது ஒண்ணா இருக்கோ அதை முதல்ல பேசுங்க. ஒரு நோட்டுல எழுதியே வெச்சுக்குங்க."

எழுதுகிறேன். ஆமினா — ஒரே தெரு. அஞ்சாவது வரை ஒரே பெஞ்சு. ஒரே வருஷம் நிக்காஹ். இரண்டு பேர் மாப்பிள்ளையும் சபுராளி, வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஒரு பெண். இரண்டு வீட்டுக்கும் தளம் இல்லை.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் அடுக்கிப் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஐந்து வீடு சேர்ந்துவிட்டது. சேர்ப்பது சுலபமாகத்தான் இருக்கிறது. போய் உட்கார வேண்டியது, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியது. மாமியார் தொல்லை — எனக்கும் அப்படித்தான். இடுப்பு வலி — எனக்கும். எனக்கு மாமியார் இறந்து ஒன்பது வருஷம். இடுப்பு நன்றாக இருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்?

கமிஷன் வந்தது. முதன்முதலாக என் பேரில் ஒரு செக்.

மே 23, வியாழன்

இவர் கேசட். கம்பெனியைப் பற்றி நான் சொல்லியனுப்பியதற்குப் பதில். "நீ வேலை பாரு, வேணாங்கல. ஆனா என் காசுல ஒரு ரூவா அங்க போவக்கூடாது. யாரு என்னன்னு தெரியாத மொதலாளி. என் ஒடம்பு இந்த வெயில்ல வெந்து வந்த காசு அது. பேங்குல கெடக்கட்டும்."

ஆமினா இதைக் கேட்டுவிடுவாள் என்று பயந்தேன். நல்லவேளை, பால்காரன் வந்தான், அந்த இடத்தில் எழுந்து போய்விட்டாள்.

மத்தியானமே பேங்குக்குப் போய் பீரோவில் இருந்ததையும் சேர்த்துக் கட்டினேன். ஒரு லட்சத்துப் பத்தாயிரம். வட்டி வந்தால் தொடுவதில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டக் கொடுத்துவிடுவது வழக்கம். கவுண்டரில் இருப்பவர் அமிர்தலிங்கம், திருப்பனந்தாள்காரர். நெற்றி நிறையத் திருநீறு. யார் மூஞ்சியையும் பார்க்காமல் லெட்ஜரோடு பேசுகிற மனிதர். பாஸ்புக்கைத் தள்ளினார். நல்ல வெயில் என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூன் 15, சனி

குவைத் சண்டைக்கு நஷ்டஈடு ஆமினாவுக்கு வந்துவிட்டது. கிட்டத்தட்ட ஆறு வருஷம் கழித்து. அந்தச் சண்டையில் நௌஷாத் கட்டின துணியோடு ஜோர்டான் பாலைவனம் வழியாக வந்து சேர்ந்தார். அதற்கு விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். நிலோஃபர் வீட்டுக்குத் தளம், கதவு, ஜன்னல் எல்லாம் அதில்தான்.

பேங்கில் அமிர்தலிங்கம் அவளிடம் டெபாசிட்டில் போடச் சொன்னாராம். "அந்த ஆளுக்கு சபுராளி ஊட்டப் பத்தி என்னடி தெரியும்? பட்டையும் அவரும். மூஞ்சியப் பாத்துக்கூட பேசமாட்டேங்கறாரு. எனக்கு என்னமோ அவரப் புடிக்கல" என்றாள். நான் பச்சை ரசீதை எடுத்துக் காட்டினேன். லாபம் எவ்வளவு, எப்போது வரும், எல்லாம் சொன்னேன். அவள் கேட்டமாதிரியே தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போட்டிருக்கியாடி?"

"நானும் போட்டிருக்கேன்."

"அப்ப சரி."

அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி இல்லை. உள்ளே போய் வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஜூன் 17, திங்கள்

இன்னும் உண்மையைச் சொல்லலாம். அவள் டிராஃப்ட் பேங்கில் மாற நாலு நாள் ஆகும்.

ஜூன் 21, வெள்ளி

கம்பெனியில் கட்டிவிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

இவர் அனுப்பிய டிராஃப்டைப் போடப் பேங்குக்குப் போனேன். அமிர்தலிங்கம் லெட்ஜரைப் பார்த்தபடியே பேசினார்.

"நௌஷாத் சம்சாரம் வந்து மொத்தத்தையும் எடுத்துட்டுப் போனாங்க. வேணாம்மா, அந்தக் கம்பெனி எப்படின்னு தெரியலன்னேன். ஃபஹ்மிதாவே அங்கதான் போட்டிருக்கான்னாங்க."

நான் டிராஃப்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்லக் கூடாது. சொல்லல." சீல் குத்தினார். "நீங்க சொல்லலாம்."

பெரிய மனுசர்! திருப்பனந்தாளில் இருந்து வந்து எங்க தெருவுக்கு நியாயம் சொல்றாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு? லாபம் வந்தா அவ எனக்கு துவா செய்வா, தெரியுமா உங்களுக்கு? — இப்படி எல்லாம் கேட்டிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வீடு வரும்வரை காது சூடாக இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

ஆமினா கணக்குக்கான கமிஷனில் ஜுலைகாவுக்கு சைக்கிள். சிவப்பு. முன்னால் கூடை.

செப்டம்பர் 6, வெள்ளி

மாதாமாதம் லாபம் வருகிறது. நானே கும்பகோணம் போய் வாங்கி வந்து ஒன்பது வீட்டிலும் கொடுக்கிறேன். எல்லோரும் வாங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இன்று மேலத்தெருவில் ஒரு கல்யாணம். சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு, சகனுக்கு நாலு பேர், எப்போதும்போல நானும் ஆமினாவும் எதிரெதிரே. கறித் துண்டை என் பக்கம் தள்ளினாள். நான் கூச்சப்பட்டு எடுக்கமாட்டேன் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். "உன் லாபத்த நீ என்னடி பண்ற?" என்று கேட்டாள். சீட்டுக்குக் கட்டுகிறேன் என்றேன். பொய் சொன்னால் முன்பு நாக்கு குழறும். இப்போது அதுவும் இல்லை.

நவம்பர் 20, புதன்

மழை. எழுத ஒன்றும் இல்லை.

1997 ஜனவரி 3, வெள்ளி

புது டைரி. இந்த வருஷம் ஊதா. டிசம்பர் மாத லாபம் இன்னும் வரவில்லை. பண்டிகை, ஆடிட், அடுத்த வாரம் என்கிறார் தியாகராசன்.

மார்ச் 14, வெள்ளி

நிலோஃபருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஹம்தான், துபாயில் கடை. நல்ல இடம். ஹம்தான் உம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "அடுத்த நோன்புக்குப் பின்னாடி வச்சுக்கலாம். ஊடு மட்டும் முடிஞ்சிருக்கணும்." ஆமினா எனக்குத்தான் முதலில் வந்து சொன்னாள். ஜூன் மாதம் ஒரு வருஷம் முடிகிறது, முதலை எடுத்துத் தளம் போட்டுவிடுவேன் என்றாள்.

லாபம் மூன்று மாதமாக வரவில்லை. இரண்டு வீட்டுக்கு என் கையிலிருந்து கொடுத்தேன். ஆமினாவுக்கும் கொடுத்தேன். கம்பெனியில் வந்தது என்று சொல்லித்தான்.

மே 12, திங்கள்

பேப்பரில் தினமும் ஏதாவது ஒரு பைனான்ஸ் கம்பெனி மூடிய செய்தி. எங்கள் கம்பெனி பெயர் இல்லை. தேடித் தேடிப் பார்க்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள்.

பாத்திரக் கடைக்காரர் இரண்டு நாளாயிற்று என்றார். மாடிப்படி முழுக்க ஆட்கள். பாபநாசம் பக்கத்து விவசாயிகள், ரிட்டையர் ஆன வாத்தியார்கள், பட்டு நெய்கிறவர்கள். எல்லோர் கையிலும் சிவப்பு ரசீது. என் கையில் மட்டும் பச்சை. ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வேற கம்பெனியாம்மா?" என்று கேட்டார்.

தியாகராசன் ஓடிப்போயிருப்பார் என்று நினைத்தேன். நாலாவது படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பை கிழிந்து தொங்கியது, யாரோ பிடித்து இழுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார்.

"மேடம், எங்கப்பா வயலை வித்த காசும் இதுலதான். நானே போட்டேன்."

"மொதலாளிய உங்களுக்குத் தெரியும்னியளே?"

"எங்க ஊர்க்காரர் மேடம். ஒரே தெரு. எங்கம்மா அவரை அண்ணன்னுதான் கூப்பிடும்."

ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று பஸ். பாமணி ஆற்றில் மணல்தான் தெரிந்தது. மன்னார்குடியில் இறங்கி ஒரு டீ குடித்தேன். பசித்தது. பசிக்கிறதே என்று இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

ஒன்பது வீட்டிலும் நானே போய்ச் சொன்னேன். ஒருத்தி ரசீதைக் கசக்கி என் மேல் எறிந்தாள். ஒருத்தி மயக்கம் போட்டாள். அசர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து வந்துவிட்டார்கள். வாசலில் கத்தல். ஜுலைகா சைக்கிளை உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆமினாதான் கும்பலை விலக்கிக்கொண்டு வந்து என் நிலைப்படியில் ஏறி நின்றாள். "அவளும்தானே போட்டா? அவளுக்கும்தானே போச்சு? அவளப் புடிச்சு உலுக்குனா வந்துருமா? போங்கடி எல்லாரும்!"

போய்விட்டார்கள்.

ஜூன் 7, சனி

ஆமினா மீன் ஆணமும் சோறும் கொண்டுவந்தாள். அவள் வீட்டில் யாராவது சாப்பிட்டார்களா என்றே தெரியவில்லை. கண் வீங்கியிருந்தது. தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

"சாப்புடு. உனக்கும் போச்சேடி. ஜுலைகாவுக்கு நீ என்ன செய்வ?"

நான் சாப்பிட்டேன். கொடுவா. முள் எடுத்து எடுத்து வைத்தாள், சின்னப் பிள்ளைக்கு வைப்பதுபோல. நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் அழுதாள்.

பாஸ்புக் எனக்கு மூன்றடி தள்ளி பீரோவில் இருந்தது.

ஜூன் 9, திங்கள்

மறுபடியும் சோறு.

ஜூன் 18, புதன்

நான் என்ன ஜென்மம்? எனக்கு ஏன் ஒண்ணும் தோணமாட்டேங்குது? தெருவே உச்சுக்கொட்டுது. பாவம் ஃபஹ்மிதா, பாவம் ஃபஹ்மிதா. கறிக்கடையில கால் கிலோ கேட்டா முன்னூறு கிராம் போடுறான். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு வர்றேனே.

ஹம்தான் உம்மா ஆள் அனுப்பியிருக்கிறார். வீடு ஆகாது என்றால் இப்போதே சொல்லிவிடலாமாம், அவர்களுக்கு வேறு இரண்டு இடம் இருக்கிறதாம். நிலோஃபர் மாடிக்குப் போனவள் இறங்கி வரவில்லையாம். ஆமினா இதையும் என்னிடம்தான் வந்து சொல்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அவள் மனையில் இருந்தாள். சுவரில் முளைத்திருந்த ஆலஞ்செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் பாஸ்புக்கை நீட்டினேன். கை மண்ணைத் துடைத்துவிட்டு வாங்கினாள். நிதானமாகப் பார்த்தாள்.

"இது எந்தத் தேதி?"

"போன வருசம் மே இருபத்திமூணு."

"நான் உன்னக் கேட்டது ஜூன்ல."

"ஆமா."

"அப்ப உனக்கு ஒண்ணும் போவல."

"போவல."

பக்கத்துத் தோட்டத்தில் யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நான் உனக்காகவும்தாண்டி அழுதேன்" என்றாள்.

பாஸ்புக்கை என் கையில் வைத்துவிட்டு மறுபடி செடியைப் பிடுங்கப் போய்விட்டாள்.

ஜூலை 5, சனி

மற்ற எட்டு வீட்டுக்கும் போனேன். நான் போடவில்லை, பொய் சொன்னேன் என்றேன். அஞ்சு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டு வீட்டில் வாயில் வந்ததெல்லாம் பேசினார்கள். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். அந்த டீயைக் குடிக்கத்தான் முடியவில்லை.

போன இடத்திலெல்லாம் அவர்களுக்கு அதுவரை தெரியாது. ஆமினா யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

டேப்பை ரிப்பேருக்குக் கொடுத்தேன். பெல்ட் மாற்றப் பதினைந்து ரூபாய். இதை ஒன்றரை வருஷம் முன்பே செய்திருக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

இவருக்கு கேசட் பேசினேன். நடந்தது எல்லாம். கடைசியில், பேங்கில் இருக்கிற பணத்தை ஆமினாவுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு வீட்டுக்குத்தான் போதும், எட்டு வீட்டுக்குப் பதில் என்னிடம் இல்லை, இது உங்கள் காசு, நீங்கள் வேண்டாம் என்றால் கொடுக்கமாட்டேன் என்றேன். திரும்பப் போட்டுக் கேட்டேன். யாரோ பால் கணக்கு சொல்வதுபோல இருந்தது. அழிக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பதில் வந்தது. என் வீட்டில், என் டேப்பில், தனியாகக் கேட்டேன்.

முதலில் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும். இவர் இருமினார். கேசட் தீர்ந்துவிட்டதோ என்று எழுந்து பார்த்தேன். பிறகு சொன்னார்: "குடுத்துரு புள்ள. நான் அக்ரிமெண்ட இன்னும் ரெண்டு வருசம் போட்டுட்டேன். நோன்புக்கு வரமாட்டேன். ஜுலைகாகிட்ட நீயே சொல்லிரு."

திட்டு ஒன்றும் இல்லை. மறுபக்கம் திருப்பிப் போட்டேன். காலி.

சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். நெஞ்ச அடைக்குதுடி என்று அவள் சொல்வாளே. இதுதானா? இத்தனை வருஷம் இதையா அவ மாசாமாசம்... யா அல்லாஹ்.

செப்டம்பர் 1, திங்கள்

பேங்க். ஆமினா எனக்கு முன்பே வந்து ஓர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லியனுப்பியதற்கு வருவாளோ மாட்டாளோ என்று இருந்தேன். வேண்டாம் என்று நாடகம் எல்லாம் ஆடவில்லை. அவளுக்குத் தளம் வேண்டும்.

அமிர்தலிங்கம் என் கணக்கில் எடுத்து அவள் கணக்கில் போட்டார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கும்போது ஆமினா அவரிடம் கேட்டாள்: "ஐயா, நீங்க ஒங்க காச எங்க போட்டிருக்கிய?"

இன்றைக்குத்தான் அவர் தலையை நிமிர்த்தி ஒருத்தர் மூஞ்சியைப் பார்த்தார். "எனக்கு எங்கம்மா மிஞ்சுது? மூணு தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணேன். நாலு வருஷமா அந்த லோன்தான் ஓடுது."

ஆமினா கொஞ்சம் யோசித்தாள். "சரி. சிமெண்ட்டு வாங்குற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்" என்றாள்.

வெளியே வந்ததும் அவள் இடப்பக்கம் போனாள். எங்கள் தெருவுக்கு வலப்பக்கம்தான் கிட்டம்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆமினா மனையில் தளம் போடுகிறார்கள். ஜல்லி மெஷின் சத்தம் காலையிலிருந்து. மாடியில் நின்று பார்த்தேன். எங்கள் மனையில் ஆடு மூன்றாகிவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

ஜுலைகா சைக்கிளை விற்கச் சொல்கிறாள். அவளே கேட்டாள். அறுநூறு ரூபாய்க்குப் போனது. ஜூனில் மயக்கம் போட்டவள் வீட்டில் அதைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். எண்ணிப் பார்த்தாள்.

1998 பிப்ரவரி 15, ஞாயிறு

நிலோஃபர் நிக்காஹ் இன்று.

எங்கள் ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார்கள். ஆமினா சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். போவதா வேண்டாமா என்று நாலு நாள். ஜுலைகா, "வாங்கம்மா, நிலோஃபர் லாத்தா என்னைத் தேடும்" என்றதால் போனேன்.

வீடு நன்றாக வந்திருக்கிறது. சுண்ணாம்பு வாசனை. நிலைக்கு மேல் மாஷா அல்லாஹ் என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. நிலோஃபர் தலையை நிமிர்த்தவே இல்லை, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். நௌஷாத் வரவில்லை. கம்பெனியில் போனதை ஈடுகட்ட அவரும் குவைத்திலேயே இருக்கிறார் என்று பின்னால் யாரோ பேசிக்கொண்டார்கள்.

சகனில் பட்டுக்கோட்டையிலிருந்து வந்த மூன்று பெண்களோடு உட்கார்ந்தேன். யாரையும் எனக்குத் தெரியாது. கறித் துண்டு நடுவில் இருந்தது. நான் எடுக்கவில்லை.

ஆமினா தால்ச்சா வாளியோடு வரிசையாக வந்தாள். கல்யாணப் பட்டில் அவளுக்கு வியர்த்திருந்தது. எல்லாச் சகனுக்கும் ஊற்றியதுபோலவே எங்களுக்கும் ஊற்றினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தாள்.

"உன் மாப்புள எப்ப வர்றாங்க?"

ஏழு மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இன்னும் ரெண்டு வருசம் ஆவும். எழுதிக் குடுத்துட்டாங்க."

அவள் சோற்றைப் பார்த்தாள். கரண்டியால் கறித் துண்டை என் பக்கம் ஒதுக்கினாள்.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சகனுக்குப் போய்விட்டாள்.